குறட்டைக்கு வைத்தியம் குழல் ஊதுவதா? - சிரிக்கவைத்து, யோசிக்கவும்வைத்த சுவிட்சர்லாந்து சோதனை!

2017 செப்டம்பர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள சாண்டர்ஸ் தியேட்டர் நிரம்பி வழிந்தது. நோபல் பரிசைச் செல்லமாகக் கிண்டல் செய்யும் 'இக் நோபல்' பரிசு விழா அது. கேட்டவுடன் சிரிப்பு வரவேண்டும், வீட்டுக்குப் போன பிறகு யோசனை வரவேண்டும். அப்படிப்பட்ட ஆய்வுகளைத் தேடிப் பிடித்து ஆண்டுதோறும் பரிசு கொடுப்பார்கள்.

அந்த ஆண்டு அமைதிக்கான பரிசு ஆறு பேருக்குப் போனது. அவர்கள் எந்தப் போரையும் நிறுத்தவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கவில்லை. ஓர் ஆஸ்திரேலியக் குழலைத் தினமும் ஊதினால் குறட்டையும், தூக்கத்தில் மூச்சு நிற்பதும் குறைகின்றன என்று காட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

குறட்டை விடுபவருக்குப் பக்கத்தில் படுத்து, பாதி ராத்திரியில் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தவர்களைக் கேளுங்கள். அமைதிக்கான பரிசை இதைவிடப் பொருத்தமான இடத்துக்குக் கொடுத்திருக்க முடியாது என்பார்கள்.

சத்தம் நின்றால் நிம்மதியா?

குறட்டை விடுபவரைப் பார்த்து, 'கொடுத்து வைத்தவர், என்ன சுகமான தூக்கம்' என்று சொல்வது நம் வழக்கம். உண்மை பல நேரம் நேர் எதிர்.

கவனித்துப் பாருங்கள். சிலரது குறட்டை ஒரே சீராக வராது. ஏறிக்கொண்டே போய், திடீரென்று நின்றுவிடும். அறையே நிசப்தமாகும். 'அப்பாடா' என்று பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடுவதற்குள், தண்ணீரில் மூழ்கி எழுந்தவரைப்போல ஒரு பெரிய திணறல். அப்புறம் மறுபடியும் குறட்டை. நடுவில் வந்த அந்த நிசப்தம்தான் சிக்கல். அப்போது குறட்டை மட்டுமல்ல, மூச்சே நின்றிருக்கிறது.

இதற்குப் பெயர் 'அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா'. விழித்திருக்கும்போது நாக்கும் தொண்டைத் தசைகளும் ஒரு விறைப்போடு இருந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் அவையும் தளர்கின்றன. எல்லோருக்கும் அப்படித்தான். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் பாதை குறுகிவிடுகிறது. குறுகிய பாதையில் காற்று உரசிப் போகும் சத்தம்தான் குறட்டை. பாதை முழுசாக ஒட்டிக்கொண்டால் நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஒரு நொடி தட்டி எழுப்பும். தொண்டை திறக்கும், காற்று போகும், தூக்கம் தொடரும். இத்தனையும் நடந்தது தூங்குபவருக்குக் காலையில் நினைவிருக்காது. 'எட்டு மணி நேரம் தூங்கினேனே, ஏன் இவ்வளவு அசதி?' என்ற கேள்வி மட்டும் மிச்சமிருக்கும்.

மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால்தான் மருத்துவர்கள் அதை ஒரு 'ஆப்னியா' என்று எண்ணுவார்கள். முழுதாக நிற்காமல், நன்றாகக் குறைந்துபோவதும் கணக்கில் சேரும். இரண்டையும் கூட்டி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்று பார்ப்பார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் பயமில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. 20 என்றால், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை யாரோ வந்து தொண்டையைப் பிடித்துவிட்டுப் போகிறார்கள் என்று அர்த்தம். ராத்திரி முழுக்க.

கவனிக்காமல் விட்டால் இது பகல் தூக்கத்தோடு போவதில்லை. ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்குச் சுமை கூடுகிறது. ஸ்டீயரிங் பிடித்தபடியே கண்ணயரும் ஆபத்தும் இருக்கிறது.

கரையான் செய்த வாத்தியம்

இந்தக் கதைக்குள் ஒரு குழல் எப்படி வந்தது?

டிஜெரிடூ என்பது வட ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் வாத்தியம். ஆர்னெம் லேண்ட் பகுதியில் வாழும் யோல்ங்கு மக்கள் இதை 'யிடாகி' என்கிறார்கள். 'டிஜெரிடூ' அவர்கள் வைத்த பெயர் இல்லை. வெளியிலிருந்து வந்தவர்கள், காதில் விழுந்த ஒலியை வைத்துச் சூட்டிய பெயராகத்தான் கருதப்படுகிறது.

இதில் பாதி வேலையைச் செய்வது கரையான்! நம் ஊரில் தைலமரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் இனத்தைச் சேர்ந்த மரங்கள் அங்கே காடாக நிற்கின்றன. உயிரோடு நிற்கும் மரத்தின் நடுப்பகுதியைக் கரையான் தின்று குடைந்துவிடும். வாத்தியம் செய்பவர் காட்டுக்குள் போய், மரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளே எவ்வளவு கூடாக இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார். பிறகு வெட்டி, பட்டையை உரித்து, உள்ளே சுத்தம் செய்து, வாய் வைக்கும் விளிம்பில் தேன்மெழுகு பூசினால் குழல் தயார். துளைகள் கிடையாது, கட்டைகள் கிடையாது. ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று முன்னே பின்னே நீளும் வெறும் கூடான மரம்தான்.

அதிலிருந்து வருவது அடிவயிற்றைத் தொடும் ஒரு கனத்த ரீங்காரம். உதட்டை அதிரவைத்து ஊத வேண்டும். நாக்கையும் கன்னத்தையும் தொண்டையையும் அசைத்து அசைத்தே அந்த ஒற்றை ஒலிக்குள் தாளத்தையும் விலங்குகளின் குரலையும் கொண்டுவருகிறார்கள். யோல்ங்கு மக்களுக்கு இது பொழுதுபோக்குக் கருவி மட்டுமல்ல. சடங்குகளோடும் முன்னோர் கதைகளோடும் பிணைந்தது. 'குறட்டைக்கு நல்ல மெஷின்' என்று மட்டும் இதைப் பார்ப்பது, கோயில் மணியை அலாரம் என்று சொல்வதுபோலத்தான்.

இதில் முக்கியமான வித்தை, மூச்சு. டிஜெரிடூவின் ஒலி நடுவில் அறுவதே இல்லை. வாசிப்பவர் மூச்சு வாங்குவது தெரியாது. எப்படி? வாயில் காற்று மிச்சமிருக்கும்போதே கன்னத்தை உப்பிக்கொண்டு, அந்தக் காற்றைக் கன்னத்தாலேயே அழுத்தி வெளியே தள்ளுவார்கள். அதே நேரத்தில் மூக்கால் சட்டென்று புதுக் காற்றை இழுத்துக்கொள்வார்கள். வாயில் செலவு, மூக்கில் வரவு, இரண்டும் ஒரே நொடியில்!

கேட்கும்போது அந்நியமாகத் தெரியலாம். நாகஸ்வரக் கச்சேரியில் ஓரமாக உட்கார்ந்து ஒரே சுருதியை விடாமல் ஊதும் ஒத்துக்காரர் செய்வது இதைத்தான். பாம்பாட்டியின் மகுடியும் இப்படித்தான் நிற்காமல் ஒலிக்கிறது. நகை செய்யும் ஆசாரி ஊதுகுழலில் தீயை அணையாமல் ஊதிப் பற்றவைப்பதும் இதே கன்னக் கணக்குதான். எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் போட்டு, குமிழி நிற்காமல் ஊதியபடியே மூக்கால் மூச்சிழுக்க முயன்று பாருங்கள். முதல் நாள் பெரும்பாலும் சட்டைதான் நனையும்.

ஆசிரியருக்கு வந்த சந்தேகம்

சுவிட்சர்லாந்தில் அலெக்ஸ் சுவாரெஸ் என்று ஒரு டிஜெரிடூ ஆசிரியர். சில மாதங்கள் தொடர்ந்து வாசித்த பிறகு, தனக்கும் தன் மாணவர்கள் சிலருக்கும் பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்திருப்பதைக் கவனித்தார். அப்படி வாசித்த ஒருவருக்கு, மணிக்கு 17 முறை நின்ற மூச்சு 2 முறையாகக் குறைந்திருந்தது.

இந்த இடத்தில்தான் பல கதைகள் தடம் மாறிவிடும். 'எனக்குக் குணமாச்சு, உங்களுக்கும் ஆகும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வேர்டு கிளம்பும். இங்கே அப்படி நடக்கவில்லை. ஜூரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிலோ புஹான் என்ற ஆராய்ச்சியாளரும் மருத்துவர்களும் இந்தச் சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினார்கள். சுவாரெஸும் அந்தக் குழுவில் ஒருவர். முடிவு, 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் 2005 டிசம்பரில் ஆன்லைனிலும், 2006 பிப்ரவரியில் அச்சிலும் வெளியானது.

25 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் மிதமான ஆப்னியா, அதாவது மணிக்கு 15 முதல் 30 முறை. எல்லோரும் குறட்டைக்காரர்கள். குலுக்கல் முறையில் பிரித்ததில் 14 பேர் கையில் குழல் வந்தது. மீதி 11 பேர், 'உங்களுக்கு நான்கு மாதம் கழித்து வகுப்பு' என்று காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள்.

குழல் என்றால் கரையான் அரித்த மரம் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக, 130 செ.மீ நீளமுள்ள அக்ரிலிக் பிளாஸ்டிக் குழல். முதல் வகுப்பில் உதட்டை அதிரவைத்து ஒரே ஒலியை 20, 30 விநாடி பிடிக்கப் பழக்கினார்கள். இரண்டாவது வாரம், அந்தக் கன்ன மூச்சு வித்தை. நான்காவது வாரம், உதடும் தொண்டையும் மூச்சும் ஒன்றாக இயங்கும் நுணுக்கம். எட்டாவது வாரம், பிழை திருத்தம். மற்றபடி வீட்டுப்பாடம்தான். வாரம் ஐந்து நாளாவது, நாளுக்கு 20 நிமிடமாவது ஊத வேண்டும் என்பது நிபந்தனை.

அவர்கள் ஊதியது சராசரியாக வாரத்துக்கு 5.9 நாள், நாளுக்கு 25 நிமிடம்! கேட்டதைவிட அதிகமாகச் செய்த நோயாளிகளை மருத்துவ உலகம் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கும். 'தினமும் வாக்கிங் போங்க' என்று சொன்னால் எத்தனை பேர் போகிறோம்? கையில் ஒரு வாத்தியத்தைக் கொடுத்தால், அது சிகிச்சை என்பதே மறந்துபோகிறது போலிருக்கிறது.

ஊதாதவர்களுக்கும் குறைந்ததே!

நான்கு மாதம் கழித்து மறுபடியும் அளந்தார்கள். குழல் ஊதியவர்களுக்கு மணிக்கு 22.3 ஆக இருந்த எண்ணிக்கை 11.6 ஆக இறங்கியிருந்தது. பாதியாகக் குறைந்துவிட்டது! தலைப்புச் செய்தி இதோடு முடிந்துவிடும்.

ஆனால், காத்திருந்த 11 பேர்? ஒன்றுமே செய்யாத அவர்களுக்கும் 19.9 லிருந்து 15.4 ஆகக் குறைந்திருந்தது. இந்த எண் கூச்சலில் காணாமல் போகும் எண். ஆனால் இது தெரியாமல் முதல் எண்ணைப் புரிந்துகொள்ள முடியாது. மூச்சு நிற்கும் எண்ணிக்கை ஒவ்வோர் இரவும் மாறும். மோசமாக இருக்கும் நேரத்தில்தான் ஆட்கள் சிகிச்சைக்கு வருவார்கள். அதனால் அடுத்த முறை அளக்கும்போது தானாகவே கொஞ்சம் குறைவது வழக்கம். கைராசி டாக்டர்கள் பலரது ரகசியமும் இதுதான்.

ஆக, குழலுக்குச் சேரவேண்டிய நியாயமான பங்கு, இரண்டு குழுக்களுக்கும் இருந்த வித்தியாசம் மட்டுமே. மணிக்குச் சுமார் 6 தடவை குறைவு. 25 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதனால் உண்மையான வித்தியாசம் 12 ஆகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட பூஜ்யமாகவும் இருக்கலாம் என்றுதான் அந்த ஆய்வின் கணக்கே சொல்கிறது. யாருக்குக் குழல் கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. கிடைத்தவர் உற்சாகமாகத்தான் பதில் சொல்வார்.

பகல் தூக்கத்தை ஒரு கேள்வித்தாளால் அளந்தார்கள். உட்கார்ந்து படிக்கும்போது, டி.வி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா இருக்கும்போது, டிராஃபிக்கில் வண்டி நிற்கும்போது என எட்டுச் சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மார்க் போட வேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டியது. குழல் ஊதியவர்கள் 11.8 லிருந்து 7.4 க்கு வந்தார்கள். காத்திருந்தவர்கள் 11.1 லிருந்து 9.6 க்கு வந்தார்கள்.

சுவாரஸ்யம் என்னவென்றால், நோயாளிகளோடு படுக்கும் துணைகளையும் விசாரித்திருக்கிறார்கள். 'உங்கள் தூக்கம் எவ்வளவு கெடுகிறது?' என்று 0 முதல் 10 வரை மார்க் போடச் சொன்னார்கள். குழல்காரர்களின் துணைகளுக்கு, மற்றவர்களைவிட 2.8 மார்க் அதிகமாகத் தொந்தரவு குறைந்திருந்தது. இந்த ஆய்வில் கிடைத்ததிலேயே கொஞ்சம் உறுதியான முடிவு இதுதான். அந்தத் துணைகள், தினமும் 25 நிமிடம், ஆரம்பநிலை மாணவர் ஒருவரின் டிஜெரிடூ வாசிப்பைக் கேட்டவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்!

நோயாளிகளே தங்கள் தூக்கத்தின் தரத்துக்குப் போட்ட மார்க்கில் மட்டும் இரண்டு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பொதுவான உடல்நலம் பற்றிய கேள்விகளிலும் இல்லை. பரிசு விழாவில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்க முடியாது. ஆனால் ஆய்வறிக்கையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் இன்னொரு காற்று

மேலே சொன்ன எட்டுக் கேள்விப் பட்டியலின் பெயர் 'எப்வொர்த் ஸ்கேல்'. மெல்பர்ன் நகரின் எப்வொர்த் மருத்துவமனையில் முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் உருவாக்கி, 1991ல் வெளியிட்டது. வாத்தியமும் ஆஸ்திரேலியா, அளக்கும் கேள்வியும் ஆஸ்திரேலியா. இந்த நோய்க்கு இன்று முதன்மையான சிகிச்சையாக இருக்கும் 'சிபாப்' மெஷினும் அங்கே பிறந்ததுதான்!

சிட்னி பல்கலைக்கழகத்தின் காலின் சல்லிவன் அதை உருவாக்கியவர். அதற்கு முன்பு, தீவிர ஆப்னியாவுக்கு உறுதியான வழி என்றால் தொண்டையில் துளை போடுவதுதான். மூச்சு அந்தத் துளை வழியாகப் போகும். எத்தனை பேர் அதற்குச் சம்மதிப்பார்கள்? சல்லிவன் வேறு மாதிரி யோசித்தார். வேக்வம் கிளீனர் மோட்டாரை உறிஞ்ச விடாமல் ஊதவிட்டு, அந்தக் காற்றை மூக்கு வழியாக அனுப்பினார். காற்றடித்த சைக்கிள் டியூப் எப்படி ஒட்டிக்கொள்ளாமல் நிற்கிறதோ, அப்படி மூச்சுப்பாதை ராத்திரி முழுக்கத் திறந்தே நின்றது. ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981ல் 'லான்செட்' இதழில் எழுதினார்.

மாட்டிக்கொண்டால் மெஷின் பெரும்பாலும் அன்றைக்கே வேலை செய்யும். மாட்டிக்கொள்வதுதான் பிரச்னை. முகத்தில் மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், மூக்கு வறட்சி, புரண்டு படுத்தால் காற்று கசிவது, 'இதைப் போட்டுக்கொண்டு எப்படித் தூங்குவது' என்ற கூச்சம். இத்தனைக்கும் விலை சில பத்தாயிரம் ரூபாய். வாங்கி, பத்து நாள் பயன்படுத்தி, பிறகு அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. டிஜெரிடூ போன்ற மாற்றுகளைத் தேட வைத்ததே இந்தச் சலிப்புதான்.

இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மெஷின் ராத்திரியில் பாதையைத் திறந்து பிடிக்கிறது. குழல் பகலில் தசைக்குப் பயிற்சி கொடுக்கிறது. அதன் பலன் மெதுவாக, மாதக்கணக்கில், கொஞ்சமாகத்தான் வரும். சுவிட்சர்லாந்து சோதனையில் தீவிர ஆப்னியா உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. உடல் பருமன் உள்ளவர்களையும், ஏற்கெனவே சிபாப் பயன்படுத்துபவர்களையும்கூடச் சேர்க்கவில்லை. ஆகவே மணிக்கு 40, 50 முறை மூச்சு நிற்பவர், மெஷினை மூட்டைகட்டிவிட்டுக் குழலை எடுப்பதற்கு அந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை.

ஜெய்ப்பூரில் ஒலித்த சங்கு

தொண்டைத் தசைக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்பது புரிந்த பிறகு, வாத்தியம் எதுவாக இருந்தால் என்ன?

பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஒரு குழு வாத்தியமே இல்லாமல் முயன்றது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்துவது, உயிரெழுத்து ஒலிகளை இழுத்துச் சொல்வது, பலூன் ஊதுவது போன்ற பயிற்சிகள். மூன்று மாதத்தில், பயிற்சி செய்தவர்களுக்கு மணிக்கு 22.4 ஆக இருந்தது 13.7 ஆனது. 2009ல் வெளியான இந்த ஆய்விலும் ஆட்கள் 31 பேர்தான். ஆனால் டிஜெரிடூ முடிவோடு எண்கள் ஒத்துப்போவதைக் கவனியுங்கள்.

மேற்கத்திய இசைக் கலைஞர்களிடமும் விசாரித்துப் பார்த்தார்கள். காற்று வாத்தியம் வாசிப்பவர்களுக்கு ஆப்னியா குறைவா? சில ஆய்வுகளில் வித்தியாசமே தெரியவில்லை. 2012ல் வெளியான ஒன்றில் மட்டும், ஓபோ, பசூன் போன்ற இரட்டை நாக்கு வாத்தியக்காரர்களுக்கு ஆப்னியாவுக்கான வாய்ப்பு குறைவாக இருந்தது. அதிலும் அதிக நேரம் வாசித்தவர்களுக்கு இன்னும் குறைவு. நம் நாகஸ்வரத்தின் சீவாளியும் இரட்டை நாக்கு வகைதான் என்பதால், தஞ்சாவூர்ப் பக்கம் இதைப் படிப்பவர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ரொம்பத் தூக்க வேண்டாம். அது கேள்வித்தாளை வைத்துச் செய்த ஆய்வு. யாரையும் படுக்கவைத்து அளக்கவில்லை.

படுக்கவைத்து அளந்த ஆய்வு ஒன்று, இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில், மிதமான ஆப்னியா உள்ள 30 பேரிடம். 16 பேருக்குச் சங்கு ஊதக் கற்றுக்கொடுத்தார்கள். 14 பேருக்கு ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி. வீட்டில் வாரம் ஐந்து நாள், குறைந்தது 15 நிமிடம், ஆறு மாதம். 2025ல் வெளியான முடிவின்படி, சங்கு ஊதியவர்களுக்கு மற்ற குழுவைவிட மணிக்கு நான்கைந்து முறை மூச்சு நிற்பது குறைந்திருந்தது. பகல் தூக்கம் 34 சதவிகிதம் குறைந்தது. 'ஆளுக்குச் சங்கு ஊதியாச்சு' என்றால் நம் ஊரில் அர்த்தமே வேறு. அங்கே அதே சங்கு, மூச்சு நிற்பவர்களின் மூச்சைக் காப்பாற்றுகிறது!

இந்த ஆய்வில் ஒரு நல்ல விஷயம், காத்திருந்தவர்கள் சும்மா காத்திருக்கவில்லை. அவர்களுக்கும் ஒரு பயிற்சி தரப்பட்டது. சுவிட்சர்லாந்து சோதனையில் இருந்த ஓட்டையை இது கொஞ்சம் அடைக்கிறது. ஆனாலும் 30 பேர்தான்.

வீட்டில் குறட்டைக்காரர் இருந்தால்?

கடைக்குப் போய் டிஜெரிடூ கேட்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தூங்குபவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. சாட்சி பக்கத்தில் படுத்திருப்பவர் மட்டுமே. அவர் கையில் இப்போது மொபைலும் இருக்கிறது. குறட்டை ஏறி, நின்று, திணறி, மறுபடி தொடங்கும் ஓரிரு நிமிடங்களை வீடியோ எடுத்துக் காட்டினால், காது-மூக்கு-தொண்டை மருத்துவருக்கோ நுரையீரல் மருத்துவருக்கோ பாதி விஷயம் புரிந்துவிடும். ஆளைச் சம்மதிக்கவைக்கவும் அந்த வீடியோ உதவும். 'நானா? குறட்டையா?' என்று சாதிப்பவர்களின் வாயை அடைக்க இதைவிட வேறு வழியில்லை.

அடுத்து 'ஸ்லீப் ஸ்டடி'. ஓர் இரவு மருத்துவமனையில் தங்கியோ, சிறிய கருவியை வீட்டுக்கு வாங்கிவந்தோ செய்யலாம். மூச்சு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு எல்லாவற்றையும் பதிவு செய்து மணிக்கு எத்தனை முறை என்ற எண்ணைக் கொடுப்பார்கள். எல்லா முடிவும் அந்த எண்ணுக்குப் பிறகுதான். உடல் எடை, மது, மல்லாந்து படுக்கும் பழக்கம் பற்றியெல்லாம் மருத்துவர் கேட்பார். மறைக்காமல் சொல்வது நல்லது.

எண் லேசானது, மிதமானது என்று வந்து, மருத்துவரும் சரி என்றால், குழலோ சங்கோ பலூனோ தாராளமாக எடுக்கலாம். கிளாகோமா எனும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மட்டும் கட்டாயம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். அழுத்தி ஊதும்போது கண்ணிலும் வயிற்றிலும் அழுத்தம் கூடும். மூன்று, நான்கு மாதம் ஊதிய பிறகு, குறட்டை குறைந்த மாதிரி இருக்கிறது என்று நிறுத்திக்கொள்ளாமல், ஸ்லீப் ஸ்டடியை இன்னொரு முறை செய்து பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சத்தம் குறைந்தும், மூச்சு நிற்பது குறையாமல் இருக்கலாம்.

ஊதுவதற்கு எந்த நேரம் நல்லது என்று எந்த ஆய்விலும் குறிப்பிடவில்லை. அதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முடிவு செய்துவிடுவார்கள்.